முதலில் ஹார்ட் டிஸ்க், பிறகு பெட்டி: குன்னத்து வீடுகளுக்கு ஒரு மீடியா சர்வர்

குன்னம் வட்டத்துக் குடும்பங்களின் படங்களும் வீடியோக்களும் நாலைந்து வடிவங்களில் சிதறிக் கிடக்கின்றன. தொண்ணூறுகளில் நடந்த கல்யாணம் வி.எச்.எஸ். கேசட்டில் இருக்கிறது. அடுத்த பத்தாண்டில் நடந்தது வி.சி.டி.யிலோ டி.வி.டி.யிலோ இருக்கிறது. காதுகுத்தும் மஞ்சள் நீராட்டும் ஊர்த் திருவிழாவும் எப்போதோ மாற்றிவிட்ட போன்களின் மெமரி கார்டில் இருக்கின்றன. லெப்பைக்குடிக்காட்டிலிருந்தும் சுற்றியுள்ள ஊர்களிலிருந்தும் வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் போனவர்கள் அனுப்பியவை வாட்ஸ்அப்பில் சுருங்கி, தரம் இழந்து கிடக்கின்றன. கேசட்டில் பூஞ்சை பிடிக்கிறது. எழுதிய சி.டி.யின் சாயம் வெளுக்கிறது. போன் ஒரு நாள் கீழே விழுகிறது.

இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்து, வீட்டு டிவியிலும் போனிலும் தேடிப் பார்க்க வழிசெய்யும் சிறு கணினிதான் மீடியா சர்வர். அதற்கு எந்தக் கருவியை வாங்குவது என்று கேட்டால் பெரும்பாலும் வரும் பதில் பெருநகரத்து ஆர்வலர்களின் பதில்: நாலு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி, பெரிய பிராசசர், கிகாபிட் சுவிட்ச். பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் ஒரு வட்டத்தில், மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காக மின்சாரம் நிற்கும் ஊரில், கத்தரியில் வீட்டுக்குள்ளேயே அனல் அடிக்கும் இடத்தில், அந்தப் பதில் பொருந்தாது. இங்கே கணக்கு வேறு. பெட்டிக்குக் கொடுக்கும் காசைக் குறைத்து டிஸ்க்குக்குக் கொடுக்க வேண்டும். அந்த டிஸ்க்கையும் இரண்டாக வாங்க வேண்டும். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இவ்வளவுதான். மீதியெல்லாம் அதற்கான காரணங்கள்.

முதலில் ஒரு கேள்வியைத் தாண்டியாக வேண்டும்: சர்வர் தேவைதானா? வீட்டில் ஒரே டிவி. பார்ப்பவர்கள் எல்லாரும் அதன் முன்னால்தான் உட்காருகிறார்கள் என்றால், ஒரு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்கை டிவியின் யூ.எஸ்.பி. துளையில் செருகினால் போதும். வீட்டுக்கு வந்திருக்கும் ஃபைபர் இணைப்பின் ரவுட்டரில் யூ.எஸ்.பி. துளை இருந்தால், அதில் டிஸ்க்கை மாட்டி டி.எல்.என்.ஏ. வழியாக எல்லா அறைக்கும் காட்டலாம். செலவு டிஸ்க்கோடு முடிந்தது. தேடல், அட்டைப்படம், பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடர்வது, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளை பார்ப்பது ஆகியவை வேண்டும் என்னும்போதுதான் சர்வர் பேச்சே வருகிறது. சர்வருக்கு ஆசைப்படும் வீடுகளில் பாதிக்கு இந்த முதல் படியே போதும் என்பது என் எண்ணம்.

எதைப் போட்டு வைப்பது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். சொந்தக் குடும்பத்துப் பதிவுகளில் சிக்கல் இல்லை. சினிமாவைப் பொறுத்தவரை, இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை அது வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள் நிற்கிறது. ஆக 1965 வரை வெளியான படங்களின் காலம் 2025 டிசம்பரோடு முடிந்துவிட்டது. 1944இல் வந்த ‘ஹரிதாஸ்’, 1948இல் வந்த ‘சந்திரலேகா’, 1952இல் வந்த ‘பராசக்தி’ எல்லாம் இதில் அடங்கும். பாட்டெழுதியவர், இசையமைத்தவர் உரிமை தனி. அது அவர் மறைந்து 60 ஆண்டு வரை நீடிக்கும். போன வாரம் திரைக்கு வந்த படத்தைக் கள்ளத்தனமாக இறக்கிச் சேர்த்து வைக்கத்தான் சர்வர் என்றால், அதற்கு உதவும் எண்ணம் எனக்கில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை கிவிக்ஸ் என்ற இலவச மென்பொருளால் முழுதாக இறக்கி அதே பெட்டியில் வைக்கலாம். நெட் போன நாளிலும் பள்ளிப் பிள்ளைகள் படிப்பார்கள். என் பட்டியலில் சினிமாவுக்கு மேலே இருப்பது இதுதான்.

இனி, எவ்வளவு வலுவான கணினி வேண்டும் என்ற கேள்வி. இதற்கு விடை டிவியிடம் இருக்கிறது. ஒரு வீடியோ கோப்பு எந்த முறையில் சுருக்கப்பட்டதோ, அந்த முறை டிவிக்குத் தெரிந்திருந்தால், சர்வர் செய்ய வேண்டியது கோப்பை எடுத்துக் கொடுப்பது மட்டும்தான். பதினைந்து வருடப் பழைய லேப்டாப்பும் இதைத் திணறாமல் செய்யும். டிவிக்குத் தெரியாத முறை என்றால், சர்வர் படத்தை உடனுக்குடன் பிரித்து வேறு முறையில் மறுபடி சுருக்கி அனுப்ப வேண்டும். டிரான்ஸ்கோடிங் எனப்படும் இந்த வேலைதான் கணினியைச் சூடாக்குகிறது, ஃபேனை அலற வைக்கிறது, விலையை ஏற்றுகிறது. பெரிய பிராசசர் வேண்டும் என்று சொல்பவர்கள் எல்லாரும் இந்த ஒரு வேலையை மனத்தில் வைத்துத்தான் சொல்கிறார்கள்.

அந்த வேலையே வராமல் பார்த்துக்கொள்ள முடியும். ஏறக்குறைய எல்லா ஸ்மார்ட் டிவியும், எல்லா போனும், எல்லா பிரவுசரும் ஏற்கும் முறை எச்.264. பழைய கேசட்டையும் டி.வி.டி.யையும் கணினிக்கு மாற்றும்போதே எச்.264 வீடியோ, ஏ.ஏ.சி. ஒலி, எம்.பி.4 கோப்பு என்று மாற்றிவிட்டால் பிறகு சர்வருக்கு வேலையில்லை. ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருள் இதைச் செய்யும். மெதுவான கணினியில் ஒரு கல்யாண வீடியோவுக்கு ராத்திரி முழுக்க ஆகலாம். ஆகட்டும், ஒரு தடவைதான். மூலப் பிரதியை மட்டும் அழித்துவிடக் கூடாது.

மூன்று இடங்களில் இது சறுக்கும். புதிய போன்கள் பல எச்.இ.வி.சி. முறையில் வீடியோ எடுக்கின்றன. ஐபோன் 2017இலிருந்தே இதற்கு மாறிவிட்டது. பழைய டிவிக்கு அது புரியாது. போனின் கேமரா அமைப்பில் எச்.264க்கு மாற்றிவிட்டால் இனி எடுப்பவை சரியாகிவிடும். இரண்டாவது, டி.டி.எஸ். ஒலி. சில பெரிய டிவி நிறுவனங்கள் இடைப்பட்ட ஆண்டுகளில் அதன் ஆதரவை எடுத்துவிட்டன. படம் ஓடும், சத்தம் வராது. ஒலியை மட்டும் மாற்றுவது சிறிய வேலை என்பதால் எந்தக் கணினியும் தாங்கும். மூன்றாவது சப்டைட்டில். டி.வி.டி.யிலிருந்து வரும் சப்டைட்டில் எழுத்தாக இல்லாமல் படமாக இருக்கும். அதைக் காட்ட பல டிவிகளில் சர்வர் முழு வீடியோவையும் மறுபடி சுருக்கியாக வேண்டும். ஒரு சின்ன எழுத்து வரிசைக்காகக் கணினி மூச்சுத் திணறுவதைப் பார்த்துப் பலர் ‘பெட்டி போதவில்லை’ என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். எஸ்.ஆர்.டி. கோப்பாக வைத்துக்கொண்டால் தொல்லையில்லை. தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் சர்வரில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். நோட்டோ அல்லது லோகித் எழுத்துருவை நிறுவினால் சரியாகும்.

இப்படி ஒழுங்கு செய்த வீட்டுக்கு எந்தக் கணினியும் போதும் என்றால், தேர்வை முடிவு செய்வது வேறொன்று. கரண்ட் பில். சர்வர் இரவும் பகலும் ஓடும். ஒரு வாட் எடுக்கும் கருவி 60 நாள் இடைவிடாமல் ஓடினால் 1.44 யூனிட். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுப்பதால் இந்தக் கணக்கை அப்படியே நம் அட்டையில் வைத்துப் பார்க்கலாம். சும்மா இருக்கும்போதே 60 வாட் எடுக்கும் பழைய டெஸ்க்டாப் இரண்டு மாதத்தில் 86 யூனிட் தின்றுவிடும். வீடுகளுக்கு அரசு தரும் இலவச 100 யூனிட்டில் கிட்டத்தட்ட அத்தனையும் போய்விட்டது. 12 வாட் எடுக்கும் சிறிய கணினிக்கு 17 யூனிட்தான். இரண்டுக்கும் வித்தியாசம் ஆண்டுக்கு 420 யூனிட்; யூனிட் 5 ரூபாய் என்று வைத்தாலும் 2,100 ரூபாய். ஏ.சி., மோட்டார் என்று ஓடி ஏற்கெனவே 500 யூனிட் எல்லையை ஒட்டி நிற்கும் வீடாக இருந்தால், இந்த 86 யூனிட் அந்த வீட்டை விலை கூடிய படிக்குத் தள்ளிவிடும். பிறகு நஷ்டம் இதைவிடப் பெரிது.

அதனால்தான் ‘பிரவுசிங் சென்டரில் சும்மா கிடந்தது, ஓசியில் கொடுத்தார்கள்’ என்று வரும் பழைய கோர் 2 டுவோ டெஸ்க்டாப்பை நான் சிபாரிசு செய்வதில்லை. உள்ளே நாலு டிஸ்க் மாட்ட இடமிருக்கும், உதிரி பாகம் எங்கும் கிடைக்கும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஓசியில் வந்த பெட்டி இரண்டு மூன்று வருடத்தில் தன் விலையைக் கரண்ட் பில்லாக வசூலித்துவிடும்.

அதே ஓசியில், இந்த மண்ணில் இன்னொரு கணினி இருக்கிறது. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் அரசு, அரசு உதவி பெறும் பள்ளி கல்லூரி மாணவர்களுக்கு வந்த லேப்டாப். அண்ணனுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்று இரண்டு வந்த வீடுகளும் உண்டு. தொடக்கத்தில் வந்தவற்றில் 2 ஜி.பி. ரேம், 320 ஜி.பி. ஹார்ட் டிஸ்க், பின்னால் வந்தவற்றில் 4 ஜி.பி., 500 ஜி.பி. விண்டோசோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் இருந்தது. இன்றைக்கு அவற்றில் விண்டோஸ் இழுக்கிறது, கீபோர்டில் இரண்டு எழுத்து வேலை செய்யவில்லை, பீரோ மேலே கிடக்கிறது. ஆனால் திரையை அணைத்துவிட்டால் 10 முதல் 15 வாட்டில் ஓடும். அதில் டெபியன் லினக்ஸைத் திரை இல்லாத வகையில் நிறுவி, மூடியை மூடினாலும் தூங்காதபடி ஒரு வரி மாற்றிவிட்டால், கோப்பை எடுத்துக் கொடுக்கும் வேலைக்கு 2 ஜி.பி. ரேமே ஒப்பேற்றும், 4 ஜி.பி. தாராளம். முதல்முறை செய்து பார்ப்பவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது. செலவே இல்லை என்பதால் தைரியமாகப் பிரித்து, அழித்து, மறுபடி நிறுவிக் கற்றுக்கொள்ளலாம். வீட்டில் இருப்பதைத்தான் சொல்கிறேன்; அரசு முத்திரை போட்ட லேப்டாப்பைப் பிறரிடம் விலைக்கு வாங்குவது முறையல்ல.

அதில் இரண்டு எச்சரிக்கை. பேட்டரி உப்பியிருக்கிறதா என்று அடியில் தடவிப் பாருங்கள். டச்பேட் தூக்கிக்கொண்டோ அடித்தட்டு பிதுங்கியோ இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். நாள் முழுக்கச் சார்ஜில் இருக்கும் பழைய லித்தியம் பேட்டரி நம் ஊர் வெயிலில் ஆபத்தானது. நல்ல பேட்டரி என்றால் அதுவே சிறு யூ.பி.எஸ்.; சார்ஜ் முழுதாக ஏறாமல் நிறுத்தும் வசதி அந்த மாடலில் இருந்தால் அதைப் போட்டுவிட வேண்டும். இரண்டாவது, காலை ஒன்பதிலிருந்து மாலை வரை கரண்ட் இல்லாத பராமரிப்பு நாளில் பேட்டரி தீர்ந்து லேப்டாப் அணைந்துவிட்டால், கரண்ட் வந்தபிறகு யாராவது பட்டனை அமுக்கினால்தான் எழும். வீட்டில் இருக்கும் பெரியவர்களுக்கு அந்தப் பட்டனைக் காட்டி வைக்க வேண்டும்.

லேப்டாப் இல்லாதவர்களும், அதைத் தாண்டி வளர விரும்புபவர்களும் காசு கொடுத்து வாங்கும் இடத்துக்கு வருகிறார்கள். இங்கே எல்லாரும் முதலில் சொல்லும் பெயர் ராஸ்பெரி பை. 2012 பிப்ரவரியில் 35 டாலர் விலையில் வந்து உலகத்துக்கே மலிவுக் கணினியைப் பழக்கிய பலகை அது. அந்த மரியாதை அதற்கு எப்போதும் உண்டு. சும்மா இருக்கும்போது 3 வாட் அளவில் எடுப்பதால் கரண்ட் கணக்கில் அதை எதுவும் மிஞ்ச முடியாது. ஆனால் 2023இல் வந்த ராஸ்பெரி பை 5இல் வீடியோவை மறுபடி சுருக்கும் தனிச் சில்லு கிடையாது; எச்.264ஐப் பிரிக்கும் சில்லையும் எடுத்துவிட்டார்கள். அதற்குரிய 5 ஆம்பியர் அடாப்டர் இல்லாமல் போன் சார்ஜரில் ஓட்டினால் யூ.எஸ்.பி. துளைகளுக்குப் போகும் மின்சாரத்தை அது குறைத்துவிடும். மாட்டிய ஹார்ட் டிஸ்க் சுற்றிச் சுற்றி நின்றுபோகும். மெமரி கார்டிலிருந்து ஓடும்போது திடீர் கரண்ட் கட்டில் கார்டு கெடுவதும் உண்டு. பலகை, அடாப்டர், கூடு, ஃபேன், கார்டு எல்லாம் சேர்த்தால் வரும் தொகைக்குப் பக்கத்திலேயே முழுக் கணினி ஒன்று நிற்கிறது. 2025 இறுதியில் உலகமெங்கும் நினைவகச் சில்லுகளின் விலை ஏறியபோது இந்தப் பலகையின் விலையும் ஏறியது. மின்னணுவைக் கற்றுக்கொள்ள ஆசைப்படும் மாணவருக்கு வாங்கித் தரலாம். மீடியா சர்வருக்காக மட்டும் என்றால் வேண்டாம்.

ஆயிரம், இரண்டாயிரத்துக்குக் கிடைக்கும் பெயர் தெரியாத ஆண்ட்ராய்டு பாக்ஸ்களைப் பற்றி ஒரே வார்த்தை: தவிருங்கள். பேட்பாக்ஸ் என்ற தீநிரலோடு தொழிற்சாலையிலிருந்தே இத்தகைய பெட்டிகள் வருவதைப் பற்றி 2025 ஜூனில் எஃப்.பி.ஐ. பொது எச்சரிக்கையே விட்டது. குடும்பத்துப் படங்கள் இருக்கும் அதே வைஃபையில் அதை விடக் கூடாது.

நான் நிதானமாகச் சொல்ல விரும்புவது அலுவலகங்களிலிருந்து வெளியேறும் சின்னக் கணினிகளைப் பற்றி. லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, எச்.பி. எலைட்டெஸ்க் மினி என்று மூன்று பெயரில் வரும், ஒரு தடித்த டைரி அளவே இருக்கும் பெட்டிகள். வங்கிகளும் ஐ.டி. நிறுவனங்களும் நாலைந்து ஆண்டுக்கொருமுறை மொத்தமாக மாற்றும்போது, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற சந்தைகளின் வழியாக செகண்ட் ஹேண்ட் கடைகளுக்கு வருகின்றன. இவற்றில் எந்தத் தலைமுறையை எடுப்பது என்பதில்தான் சூட்சுமம்.

இன்டெல் பிராசசர்களில் வீடியோவைப் பிரிக்கவும் சுருக்கவும் தனிப் பகுதி ஒன்று 2011இலிருந்து இருக்கிறது. குவிக் சிங்க் என்று பெயர். ஆறாம் தலைமுறையில் அது 8 பிட் எச்.இ.வி.சி.யைக் கற்றது. ஏழாம் தலைமுறையில் 10 பிட்டையும் கற்றது. இன்றைக்கு ஒரு வீட்டில் வரக்கூடிய கோப்புகளில் அநேகமாக எல்லாமே அதில் அடங்கிவிடும். இப்போது இன்னொரு பக்கம் பாருங்கள். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்கும் இன்டெல் கணினிகள் எட்டாம் தலைமுறையிலிருந்து தொடங்குகின்றன; ஏழாம் தலைமுறை அநேகமாக மொத்தமும் வெளியே நிற்கிறது. அலுவலகங்களுக்கு வேண்டாததாகிவிட்ட அந்தக் கணினி, லினக்ஸ் ஓட்டப்போகும் நமக்கு எந்தக் குறையும் இல்லாத கணினி. ஆறாம் தலைமுறைக்கும் அதற்கும் விலையில் பெரிய வேறுபாடு இருக்காது, வேலையில் இருக்கும். ஐ5-7500டி என்று எழுதியிருந்தால் எடுக்கலாம். கையில் இன்னும் கொஞ்சம் காசிருந்தால் எட்டாம் தலைமுறை ஐ5-8500டி, ஆறு கோர். கடந்த சில ஆண்டுகளாக இந்த வகைப் பெட்டிகள் பத்தாயிரத்தை ஒட்டி, அமைப்பைப் பொறுத்துச் சற்றுக் கூடக் குறைய, கைமாறி வந்திருக்கின்றன. சும்மா இருக்கும்போது 10 வாட் அளவில்தான் எடுக்கும்.

கடையில் நின்று பார்க்க வேண்டியவை கொஞ்சம் உண்டு. அடாப்டர் அந்த நிறுவனத்தின் அசல்தானா, 65 வாட்டுக்குக் குறையாமல் இருக்கிறதா. பயாஸ் பாஸ்வேர்டு போட்டுப் பூட்டியிருக்கிறதா. பூட்டியிருந்தால் எவ்வளவு மலிவானாலும் வாங்கக் கூடாது. உள்ளே இருக்கும் எஸ்.எஸ்.டி. எவ்வளவு தேய்ந்தது என்பதை ஸ்மார்ட் அறிக்கையில் பார்க்கலாம். கேட்டால் காட்டாத கடையை விட்டு நகர்வது நல்லது. வீட்டுக்கு வந்ததும் பயாஸில் ‘கரண்ட் போய் வந்தால் தானாக எழு’ என்ற பொருளில் ஓர் அமைப்பு இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். லேப்டாப்பில் இல்லாத இந்த ஒரு வசதிக்காகவே நம் ஊருக்கு இந்தப் பெட்டி ஏற்றது என்பேன்.

புதியதுதான் வேண்டும், வாரண்டி வேண்டும் என்பவர்களுக்கு இன்டெல் என்100 பிராசசர் போட்ட மினி பி.சி. இருக்கிறது. 2023 தொடக்கத்தில் வந்த இந்தச் சில்லின் அறிவிக்கப்பட்ட மின்அளவே 6 வாட். நாலு கோர், புதிய தலைமுறைக் குவிக் சிங்க், ஏ.வி.1 முறையைப் பிரிக்கும் திறன். பழைய ஐ5ஐவிட வீடியோ வேலையில் இது ஒரு படி மேல். ஆனால் சந்தையில் இதைப் போட்டு வரும் பெட்டிகள் பல, நேற்று முளைத்த பெயர்களில் வருகின்றன. கெட்டுப்போனால் அடாப்டர்கூடத் திருச்சியில் கிடைக்காது. டைனி பெட்டியின் உதிரி பாகம் பழைய சந்தையில் இன்னும் பல வருடம் கிடைக்கும். ரிப்பேருக்கு ஒரு மணி நேரமாவது பஸ் ஏற வேண்டிய ஊரில் நான் அதைத்தான் கனமாக எடை போடுவேன்.

சினாலஜி போன்ற நாஸ் பெட்டிகள் அழகாக இருக்கின்றன, அமைப்பது எளிது. தொடங்குபவருக்கு இரண்டு காரணத்தால் அவற்றை நான் தள்ளி வைக்கிறேன். டிஸ்க் இல்லாத வெறும் பெட்டிக்கே, ஒரு டைனி கணினியும் ஒரு டிஸ்க்கும் வாங்கும் காசு போய்விடுகிறது. அதைவிட முக்கியம், வாங்கிய பிறகும் அது நிறுவனத்தின் விருப்பப்படிதான் நடக்கும். 2024இல் வந்த மென்பொருள் மாற்றத்தில் சினாலஜி தன் வீடியோ ஸ்டேஷன் செயலியையே எடுத்துவிட்டது. 2025இல் சில புதிய மாடல்களில் தான் சான்றளித்த டிஸ்க்குகளைத்தான் போட வேண்டும் என்று கட்டுப்பாடு வைத்து, எதிர்ப்பு வந்தபின் அந்த அக்டோபரில் தளர்த்தியது. சேர்த்து வைத்த காசில் ஒருமுறை வாங்கும் குடும்பம் இப்படிப்பட்ட மாற்றங்களுக்கு ஆளாகக் கூடாது.

மென்பொருளிலும் இதே பாடம்தான். பிளெக்ஸ் நல்ல மென்பொருள். 2025 ஏப்ரல் இறுதியில் ஆயுள் சந்தாவை 120 டாலரிலிருந்து 250 டாலராக ஏற்றி, வெளியிலிருந்து பார்ப்பதற்கும் காசு கேட்கத் தொடங்கியது. 2018 டிசம்பரில், எம்பி என்ற மென்பொருள் தன் நிரலை மூடியபோது அதிலிருந்து கிளைத்து வந்த ஜெல்லிஃபின் முழுக்க இலவசம், நிரலும் திறந்தது. ஆண்ட்ராய்டு டிவிக்கும் ஃபயர் டிவி ஸ்டிக்குக்கும் போனுக்கும் செயலி உண்டு. அதையே போடுங்கள்.

இப்போது டிஸ்க். எவ்வளவு வேண்டும்? ஒரு முழு டி.வி.டி. 4.7 ஜி.பி.; 2 டி.பி. டிஸ்க்கில் 400க்கும் மேல் அடங்கும். கேசட்டிலிருந்து எடுத்ததை விநாடிக்கு 5 மெகாபிட் தரத்தில் வைத்தால் மணிக்கு 2.25 ஜி.பி.தான். மினி டிவி கேமரா டேப்பை அப்படியே இறக்கினால் மட்டும் மணிக்கு 13 ஜி.பி. ஆகும். ஒரு கூட்டுக் குடும்பத்தின் முப்பது வருடப் பதிவுகளுக்கு 2 டி.பி. தாராளம்.

யூ.எஸ்.பி.யிலிருந்தே மின்சாரம் எடுக்கும் 2.5 அங்குலப் போர்ட்டபிள் டிஸ்க் போதும். பெரிய 3.5 அங்குல டிஸ்க்குக்குத் தனி 12 வோல்ட் அடாப்டர் வேண்டும், கூடுதல் கரண்ட் வேண்டும். போர்ட்டபிள் டிஸ்க்குகள் பெரும்பாலும் எஸ்.எம்.ஆர். என்ற முறையில் தடங்களை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றி எழுதுபவை. நிறைய எழுதும்போது மந்தமாகும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் நாஸ் டிஸ்க்குகள் சிலவற்றில் சொல்லாமல் இதைப் புகுத்திப் பெரும் சர்ச்சையானது. நாஸில் பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டுபவர்களுக்கு அது பெரிய தொல்லை. ஒருமுறை எழுதிப் பலமுறை பார்க்கும் நம் வேலைக்கு அது குறையில்லை. ஒரே பெட்டியில் இரண்டு டிஸ்க்கை இணைத்து ரெய்டு போடுவது பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும், இடி இறங்கினால் இரண்டும் போகும்.

எனவே தனித்தனியாக இரண்டு. வேறு வேறு நிறுவனத்தின் டிஸ்க்காக, அல்லது குறைந்தபட்சம் வேறு வேறு நாளில் வாங்கியதாக இருக்கட்டும். ஒன்று சர்வரில் ஓடும். மற்றது மாதம் ஒருமுறை மாட்டி, புதிதாக வந்ததை ஏற்றி, கழற்றி வேறு வீட்டில் வைக்கப்படும். செந்துறையில் அத்தை வீடு, அரியலூரில் சித்தப்பா வீடு என்று யாரிடமாவது. இரண்டாவது டிஸ்க்குக்குக் காசில்லை என்றால் சர்வரை ஆறு மாதம் தள்ளிப் போடலாம். டிஸ்க்கைத் தள்ளிப் போடக் கூடாது.

டிஸ்க்கை லினக்ஸின் எக்ஸ்ட்4 முறையில் தயார் செய்வது நல்லது. கடையிலிருந்து வரும் சில டிஸ்க்குகள் எக்ஸ்ஃபேட்டில் இருக்கும். எழுதும்போது திடீரென்று கரண்ட் போனால் கோப்பு அட்டவணையே சிதையும் வாய்ப்பு அதில் அதிகம். ஸ்மார்ட் அறிக்கையில் 5, 197 எண்ணுள்ள வரிகளை அவ்வப்போது பாருங்கள். பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கினால் அந்த டிஸ்க்குக்கு நாள் குறித்தாயிற்று.

வெயிலைப் பற்றிச் சிலர் தேவைக்கு மேல் பயப்படுகிறார்கள். 2007இல் கூகுள் தன் லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளை ஆராய்ந்து வெளியிட்ட ஆய்வில், மிதமான சூட்டுக்கும் பழுதுக்கும் பெரிய தொடர்பு காணப்படவில்லை; மிக உயர்ந்த சூட்டிலும் வயதான டிஸ்க்கிலும்தான் அது தென்பட்டது. ஆனால் சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே, டிவி ஸ்டாண்டின் மூடிய கண்ணாடிக் கதவுக்குள் வைத்தால் சித்திரையில் அந்த உயர்ந்த சூடு வந்துவிடும். தரையோடு ஒட்டிய நிழலான மூலை போதும். சோளம் அடிக்கும் பருவத்தில் தூசியைத்தான் நான் அதிகம் கவனிப்பேன். மெல்லிய தூரிகையால் ஃபேனின் வாயைச் சுத்தம் செய்தால் சூடு தானே இறங்கும்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் அதன் இணைப்பில் சர்வரையும் ரவுட்டரையும் சேர்த்துவிடலாம். பல இன்வெர்ட்டர்களின் பின்னால் எக்கோ, யூ.பி.எஸ். என்று ஒரு சுவிட்ச் உண்டு; யூ.பி.எஸ். பக்கம் இருந்தால்தான் கரண்ட் போகும் கணத்தில் கணினி அணையாமல் தாங்கும். இன்வெர்ட்டர் இல்லாத வீட்டில், ஃபைபர் மோடத்துக்கு மட்டும் 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். மாட்டி, சர்வருக்குச் சாதாரணக் கணினி யூ.பி.எஸ். ஒன்று. பத்து நிமிடம் தாங்கினாலும் முறையாக அணைக்க அது போதும்.

வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்குக் காட்டுவதுதான் மிச்சம். நம் வீட்டு இணைப்புகள் பலவற்றில் நிறுவனம் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கிட்டுத் தருகிறது. அதனால் வெளியிலிருந்து நேராக நம் சர்வரின் கதவைத் தட்ட முடியாது. டெயில்ஸ்கேல் என்ற சேவை இரு முனைக்கும் இடையே பூட்டிய பாதை போட்டுத் தருகிறது; தனிநபருக்கு இலவசம். ரவுட்டரில் துளை திறந்து இணையம் முழுக்கக் காட்டுவதைவிட இது பாதுகாப்பு. விபிஎன் வகைச் சேவைகளுக்கு வளைகுடா நாடுகள் சிலவற்றில் சட்டக் கட்டுப்பாடு உண்டு. அங்கிருப்பவர் அந்த நாட்டு விதியைக் கேட்டுக்கொண்டு செய்யட்டும். இல்லையென்றால் ஊருக்கு வரும்போது இரண்டாவது டிஸ்க்கின் நகலை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தனுப்புவது அதே பயனைத் தரும். குடும்பத்துப் படங்களுக்கு மூன்றாவது பிரதி ஒன்றும் கடல் கடந்து உருவாகிவிடும்.

எல்லாம் அமைத்து முடித்த மறு வாரம் ஒரு சோதனை மட்டும் பாக்கி. சர்வரை அணைத்து வையுங்கள். அத்தை வீட்டு டிஸ்க்கை வாங்கி வந்து வேறொரு கணினியில் மாட்டுங்கள். அது எக்ஸ்ட்4 என்பதால் விண்டோஸ் நேராகப் படிக்காது; லினக்ஸ் ஏற்றிய பென் டிரைவிலிருந்து கணினியைத் துவக்க வேண்டியிருக்கும், அதையும் இப்போதே பழகிக்கொள்ளுங்கள். பாட்டியின் அறுபதாம் கல்யாண வீடியோ முழுதாக ஓடுகிறதா, கடைசி ஐந்து நிமிடம் வரை ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வி.எச்.எஸ். கேசட்டுகளை மாற்றும் வேலையைத் தொடங்கலாம்.